கயிறு கட்டியபோது சொல்லாமல் விட்ட பெயர்

"இந்த ஒம்போது வருசத்துல நான் ஒரு சொட்டு குடிச்சிருக்கேனா? நீயே சொல்லு சசி."

2005இல் அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். அத்தனை வருடமும் அவர் குடித்ததில்லை என்பது உண்மை. அவர் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை என்பதும் உண்மை. சோற்றைக் கரைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா பெயர் அய்யம்பெருமாள். குன்னம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். அவருடைய அப்பாவும் அண்ணன் தங்கராசும் சாராயத்தால் போனவர்கள். 1996இல் பெரியப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், அப்பா கருப்பசாமி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டார். பூசாரி கட்டும்போது எதை விடப்போகிறோமோ அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்பா சாராயம் என்றார். அதற்குப் பின் தொடவே இல்லை.

ஆனால் அதே மாதம் பாக்குத்தூள் கலந்த பாக்கெட் புகையிலை கன்னத்தில் ஏறியது. நாளைக்கு ஒன்று என்று ஆரம்பித்து பன்னிரண்டில் வந்து நின்றது. அம்மா சத்தம் போட்டால், "நான் சாராயமா குடிக்கிறேன்?" என்பார். அம்மாவும் அடங்கிவிடுவார். ஊருக்கு வந்த மருத்துவ முகாமில்கூட "குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

கடைசியில் அவரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது கவுஸ் மாமாதான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வெங்காயம் எடுக்க வருகிறவர், அப்பாவின் கூட்டாளி. சிகரெட்டால் அவருக்கு ஓயாத இருமல். "எனக்கு நெஞ்சக் காட்டணும், ஒனக்கு வாயக் காட்டணும். ஒரே பஸ்ல போயிருவோம் வாய்யா" என்றார். நானும் போனேன்.

டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, வீட்டில் வேறு யாருக்கு என்ன பழக்கம் என்று கேட்டார். அப்பா தாத்தாவையும் பெரியப்பாவையும் சொன்னார்.

"எங்க வூட்டுல சாராயம் ஹராமுங்க, தொடவே கூடாது" என்றார் கவுஸ் மாமா. "என்னயப் பெத்த அத்தா சிகரெட்டுல போனாரு. அவரு தம்பி சின்னத்தாவுக்கு மூக்குப்பொடி. நான் இந்தா, இருமிக்கிட்டு நிக்கிறேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ரெண்டு வீட்டுலயும் ஒரே கதைதாங்க. அடிமையாகிற பலவீனம் கொஞ்சம் ரத்தத்துலயே வருது. சாராயத்துக்கு ஒண்ணு, புகையிலைக்கு ஒண்ணுன்னு முழுசா தனித்தனி இல்ல, பெரும்பகுதி பொதுதான். சாதி, மதம், நாடு எதையும் அது பாக்காது. அதுக்காகத் தலையெழுத்துன்னும் நெனைக்காதீங்க. நம்ம வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா எல்லாத்துலயும் எச்சரிக்கையா இருக்கலாம்."

அப்பா கையில் கயிறு கட்டிய இடத்தைத் தடவினார். பிறகு, "கயித்துல பொயலையச் சொல்லலியேம்மா" என்றார்.

"இன்னொரு கயிறு கட்டுய்யா. கருப்பு கோச்சுக்க மாட்டாரு" என்றார் கவுஸ் மாமா.

அப்பாவின் வாய்க்குள் வெள்ளைத் திட்டு இருந்தது, புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலையை இப்போதே விட்டால் தப்ப வழி உண்டு, மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பா இரண்டாவது கயிறு கட்டினார். மூன்று முறை தவறினார். மூன்று முறையும் திருச்சிக்குப் போனார். இப்போது பதினொரு மாதமாகத் தொடவில்லை. திட்டு பெரிதாகவில்லை, ஆனால் வாய் இன்னும் முன்போலத் திறக்கவில்லை.

போன மாதம் என் அண்ணன் வீரமணியின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். பையில் ஐந்து புகையிலைப் பாக்கெட் இருந்தது.

"நான் என்ன குடிக்கிறேனா?" என்றான்.

அதே வார்த்தை. அப்பா எழுந்து வந்து, முடிந்தமட்டும் வாயைத் திறந்து, இரண்டு விரலை உள்ளே வைத்துக் காட்டினார். "இதுல சாராயம் எத்தன சொட்டு இருக்கு? பாத்துச் சொல்லுடா" என்றார். அண்ணன் வண்டிக்குப் போய்விட்டான், பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு.

நான் சொன்னால் கேட்கமாட்டான். தங்கச்சிக்கு என்ன தெரியும் என்பான். அதனால் இதை எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள், உங்கள் வீட்டில் "நான் குடிக்கிறதில்லையே" என்று சொல்கிற ஆளிடம் கொடுங்கள். லாரிக்காரர் யாராவது தெரிந்தால் அவரிடமும் கொடுத்து, அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கை மாறி மாறி ஒரு நாள் என் அண்ணனிடமும் போய்ச் சேரட்டும்.