குத்தகைத் தாளில் மாறிய பேர்

மூவார் பட்டணத்தில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் கருப்பாயி அக்காவின் மாட்டுக் கொட்டகை இருந்தது. நிலம் கனகசுந்தரம் கிராணியாருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் புருஷன் செல்லப்பன் பத்து வருடக் குத்தகைக்கு அதை எடுத்து, முத்திரைத் தாளில் கைநாட்டு வைத்திருந்தார். பாதிக் காலம்கூட ஆகவில்லை, காய்ச்சலில் போய்விட்டார்.

செத்தவர் பேரில் பால் கறந்தால் மடி வற்றிவிடும் என்பது அக்கா வீட்டு வழக்கம். கருமாதி முடிந்ததும் பால் செம்பில் வெட்டியிருந்த பேரை அரம் வைத்துத் தேய்த்து, தன் பேரை வெட்டிக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை. குத்தகைத் தாளை எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டில் மனு எழுதும் ஐயாசாமியிடம் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

"இதுலயும் அவரு பேருதான் இருக்கு. எடுத்துட்டு எம் பேரைப் போடு தம்பி."

"கிராணி ஐயாகிட்ட கேட்டாச்சா?"

"அவரா வந்து மாடு கறக்கப் போறாரு? சுரண்டுப்பா."

ஐயாசாமி சிரித்துக்கொண்டே சவரக் கத்தியால் சுரண்டி, புதுப் பேரை அழகாக எழுதிக் கொடுத்தான்.

சில மாதம் கழித்துக் கிராணியார் வந்தார். மரப்பட்டறை வைக்க ஒரு சீனர் நிலம் கேட்கிறாராம், காலி செய்யச் சொன்னார். அக்கா பயப்படவில்லை. உள்ளே போய்த் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "இதை ஆர் மாத்தினது? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியே?"

"செத்தவரு பேரை வச்சிக்கிட்டு என்னங்க செய்யிறது?"

"அதைக் கோட்டிலை சொல்லு, பிள்ளை."

வழக்கு வந்தது. நீதிபதி துரை சொன்னதை மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்: "நிலக்காரர் சம்மதம் இல்லாம நீங்க மட்டும் மாத்துன தாள் செல்லாது. இதை வச்சு உரிமை கேக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள எடத்தை விட்டுடணும்."

அக்கா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பழைய பேரையே எழுதிடறேன் சாமி! இங்கயே, இப்பவே எழுதிடறேன்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பவர் சிரிக்கவில்லை. அவளை வெளியே அழைத்துவந்து மெதுவாகச் சொன்னார்: "அப்படியே விட்டிருந்தா, புருசனோட பாத்தியதை உங்களுக்கே வந்திருக்கும்மா."

அவள் ஓடிப்போய்க் கிராணியார் காலில் விழுந்தாள்.

"எழும்பு பிள்ளை. நான் அந்தப் பட்டறைக்காரருக்கு வாக்குக் குடுத்திட்டன்," என்று வேட்டியை விலக்கிக்கொண்டு நடந்தார்.

மாசக் கடைசியில் பட்டறைக்காரர்கள் கம்பம் நட வந்துவிட்டார்கள். மற்ற மாடுகள் ரோட்டில் நின்றன. சினைமாடு மட்டும் எழுந்திருக்கவில்லை. மாட்டின் மேல் கை ஓங்காத அக்கா, அன்றைக்கு அதைக் கயிற்றால் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். கடைசியில் அது எழுந்து ஆற்றுப் பக்கம் நடந்தது.

"எங்கக்கா போறீங்க?" என்றேன்.

"அது எங்க போவுதோ அங்க," என்றாள்.