அருவியில் அவிழாத புரூச்

வெள்ளிப் பட்டறையில் உட்கார இடம் வென்றாள். பெண்பிள்ளை நெருப்பூதும் ஊதுகுழல் தொடக்கூடாது என்ற தென்காசித் தட்டார் தெருவின் வாயை வென்றாள். கடைசியில் டீச்சர்மார் பன்னிரண்டு பேரின் தோளையும் வென்றாள். தங்கபுஷ்பத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவள் அண்ணன் மந்திரமூர்த்தி ஆசாரி இந்த வரிசையில்தான் சொல்லுவார், முன்பின் மாற்றமாட்டார்.

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அகிலாண்டேஸ்வரி அம்மாள், சேலைத் தலைப்பைத் தோளில் குத்திக்கொள்ளத் தம் டீச்சர்கள் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளிப் புரூச் கேட்டிருந்தார். அதே தெருப் பிச்சைமணி ஆசாரி மாதிரிக்கு ஒரு மயில் புரூச் செய்தார். தங்கபுஷ்பமும் ஒன்று செய்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் தங்கச்சியைப் பட்டறையிலிருந்து எழுப்பிவிடுவதாக மந்திரமூர்த்தி குடும்பத்துப் பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"புரூச்சுங்கிற பேரு பிரெஞ்சுக்காரங்க பேச்சுல இருந்து வந்ததாம். கறி கோத்துச் சுடுத கம்பிக்குத்தான் அங்கன முதல்ல அந்தப் பேரு" என்று சிரித்தார் அம்மாள்.

"அப்போ மயிலும் பூவும் பெறகு வந்து உக்காந்ததுதான?" என்றாள் தங்கபுஷ்பம். "கம்பி தோத்தா மயிலு பறந்துரும்லா!"

பிச்சைமணியின் மயிலுக்குத் தோகை நிறையச் சிவப்புக்கல். இவள் மயிலுக்கு ஒரு கல்லும் இல்லை. ஆனால் பின்பக்கக் கம்பியை நெருப்பில் காட்டாமல் தட்டித் தட்டியே விறைப்பேற்றி, கொக்கியின் வாயை உள்ளே மடித்திருந்தாள்.

"ரெண்டையும் தோள்ல குத்திக்கிட்டு குத்தாலத்து அருவியில நிப்பேன். எது நிக்கோ அதுக்குத்தான் ஆர்டர்" என்றார் அம்மாள்.

பெண்கள் குளிக்கிற பக்கம் தங்கபுஷ்பம் அம்மாளுடன் போனாள். ஆசாரிமார் இருவரும் குடைக்கும் அடங்காத சாரலில் நனைந்தபடி பாதையில் நின்றார்கள்.

"ஏலே மந்திரம், சோத்துப்பானை காத்துக் கெடக்கு. உன் தங்கச்சிய விரசா வீட்டுக்கு அனுப்புலே" என்றார் பிச்சைமணி.

"தண்ணி இன்னும் விழுது அண்ணாச்சி" என்றார் மந்திரமூர்த்தி.

ஈரச் சேலையோடு அம்மாள் வந்தார். தோளில் ஒரே மயில். கல் இல்லாத மயில்.

"உம்ம மயிலு சித்தாத்துப் பக்கம் போயிட்டுது, ஆசாரியாரே. அங்கன போய்த் தேடும்!" என்றார் பிச்சைமணியிடம்.

ஆர்டர் தாளை அம்மாள் வழக்கம்போல மந்திரமூர்த்தியிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "செஞ்சவ அங்கன நிக்கா. அவ கையெழுத்துப் போடட்டும்."

பாத்திரங்களில் ஊரார் பெயரையெல்லாம் வெட்டியவள், தன் பெயரைத் தாளில் எழுதியதில்லை. அண்ணன் குடை பிடிக்க, தங்கபுஷ்பம் முதல் கையெழுத்துப் போட்டாள். அன்று வெகுதானிய வருஷம் ஆடி மாதம், 1938 ஆகஸ்டு பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.