யார் குடம் முதலில் நிற்கிறதோ

உலகத் தடகளப் போட்டிகளில் புதிதாக என்னென்ன ஓட்டங்களைச் சேர்க்கலாம் என்று திருவொற்றியூர்க்காரர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்கள் தெரு ஒரே மத்தியானத்தில் சொல்லி முடித்திருக்கும். கேட்காமலே சொல்லி முடித்தோம் என்பது வேறு விஷயம். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு முனை. மேற்கே ஹைரோடு, கிழக்கே கடல். கடல் முனையைத் தொட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோடு போகிறது. அந்தப் பெயரை வைத்தவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. துறைமுகத்துக்குப் போகவேண்டிய கன்டெய்னர் லாரிகள் அதில் நின்றுகொண்டிருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிகளின் சீல் நம்பரைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் வீடு கடல் முனையில் கடைசி வீடு. தண்ணீர் லாரி வந்து நிற்பதோ ஹைரோடு முனையில். அதுவும் காலை பதினோரு மணிக்கு. அந்த நேரம் நான் யார்டில் இருப்பேன், என் மனைவி மணலியில் வேலையில் இருப்பாள். வீட்டில் இருப்பது என் அக்கா ஒருத்திதான்.

அக்கா இறால் கம்பெனியில் வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீரில் நின்றே வேலை பார்த்தவள். வலது முட்டி தேய்ந்துவிட்டது. வெயிட் தூக்கக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்றார் டாக்டர். "தண்ணிக்கு வெயிட்டு கீதே டாக்டர், அதுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டாள். அவர் தைலம் எழுதிக் கொடுத்தார். ஆகவே ஒவ்வொரு லாரி நாளும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துத் தெரு முழுக்க நடப்பாள். பாதித் தெருவில் எப்போதும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து ஊரைத் திட்டுவாள். பிறகு மீதியை நடப்பாள். நிரம்பிய குடத்தைத் திரும்பி வரும்போது யாராவது வாங்கிக்கொள்வார்கள். யாரும் இல்லாத நாளில் பாதிக் குடத்தோடு வருவாள்.

எங்கள் தெருவில் குடம்தான் ஆள். இது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நீங்கள் சோறு ஆக்கப் போகலாம், குளிக்கப் போகலாம், சண்டைக்கும் போகலாம். உங்கள் குடம் அங்கே நிற்கிறதென்றால் நீங்கள் நிற்கிறீர்கள். குடமில்லாமல் வந்து மணிக்கணக்கில் நின்றாலும் நீங்கள் அங்கே இல்லை. வேலி, வாடகை, சாக்கடை, மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிற ஜனம், அடுத்தவர் குடத்தை ஒரு விரற்கடை நகர்த்தியதில்லை. ஒரு பெரியவர் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் செத்துப்போனார். அவர் குடம் முறைப்படி நகர்ந்து, நிரம்பி, சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள்.

குடம் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் போட்டிருப்போம். அக்காவுடையது நீலக் குடம். சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சிலுவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹைரோடு முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரரைத் தெருவே நைனா என்றுதான் கூப்பிடும். அவர் கடை டிவியில் ஏதோ பெரிய சர்வதேசப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று விடுமுறை. அக்கா குடத்தை வரிசையில் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூவாயிரம் மீட்டர் ஓட்டம். கட்டையைத் தாண்டி, ஒரு தண்ணீர்க் குழியில் குதித்து, சொட்டச் சொட்ட மேலே ஏறி ஓடினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மறுபடி அதே குழி. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"இத்தினி பேரு தண்ணில எறங்கி ஏறுறானுங்கோ. ஒருத்தன் கையிலயாச்சும் ஒரு கொடம் கீதா?"

அந்தப் போட்டியை உண்டாக்கியவர்கள் தண்ணீருக்காக ஓடியதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உறைத்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

நைனா முதலில் பஸ் ஓட்டத்தைச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் நிற்காது. முன்னால் நிற்குமா பின்னால் நிற்குமா என்பதை ஓட்டக்காரர் டிரைவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து ஓடவேண்டும். படியில் ஒரு கால் வைத்தால் முடிந்தது. "இன்னொரு காலு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அது அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கும்" என்றார். ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருக்கும்போது குனிந்து ஓடுவதைத் தனிப் போட்டியாக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மணலி ஃபாக்டரிகள் பக்கமிருந்து காற்று திரும்பி நாற்றம் வரும்போது கொடியில் காயும் துணியை வாரிக்கொண்டு வந்து ஜன்னலையெல்லாம் சாத்தும் ஓட்டம் பெண்களுக்கு மட்டும் என்று ஒருவர் சொல்ல, ஏன் ஆம்பளைக்குக் கையில்லையா என்று அங்கேயே ஒரு சண்டை நடந்தது. நான் என் பங்குக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடப்பதைச் சொன்னேன். தடை ஓட்டத்தில் தடை சும்மா நிற்கிறது, இங்கே தடையே நகரும் என்று விளக்கினேன்.

"அதுக்கு மெடல் குடுக்கணும்னா ஆளு மிஞ்சணுமே" என்றார் நைனா.

அப்போது டிவியில் நடைப் போட்டி காட்டினார்கள். வேகமாக நடக்கலாம், ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும் என்று நான் அக்காவுக்குச் சொன்னேன். அவள் அதைத்தான் நிறைய நேரம் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு காலும் தரையிலதான் கீது" என்றாள்.

அந்த வாரமே தெருவுக்கு ஒரு பெரிய கறுப்புத் தொட்டி வந்து சேர்ந்தது. லாரி இனி தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விடும், வேண்டும்போது பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தொட்டி ஒன்றுதான். அதை எந்த முனையில் வைப்பது? கடல் முனையில் வைத்தால் அக்கா வாசலைத் தாண்டினால் போதும். ஹைரோட்டில் வைத்தால் அவள் முட்டி இருக்கும்வரை இந்த நடைதான். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஹைரோடு முனைக்காரர்களுக்கும் அவரவர் முட்டி இருந்தது. மூன்று நாள் கத்தினோம். லாரி டிரைவர் இரண்டு பக்கமும் ரோடு இருப்பதால் எங்கே வைத்தாலும் தனக்கு ஒன்றுதான் என்றார். எல்லோர் தலையிலும் அப்போது ஓட்டப் பந்தயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஓடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. முனைக்கு ஒரு ஆள், கையில் காலிக் குடம், கடல் முனையில் கிளம்பி ஹைரோட்டில் நிற்கும் லாரிக்கு.

டிரைவர்தான் நடுவர். சட்டத்தை அவரே சொன்னார்.

"யார் கொடம் மொதல்ல லாரியாண்ட நிக்குதோ, அந்த மொனைக்குத் தொட்டி. அத்தோட வுடுங்க. பேஜாரு பண்ணாதீங்க."

எல்லோரும் சரி என்றோம்.

ஹைரோடு முனைக்கு ஓட வந்தவள் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் கடற்கரையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பெண். கடல் முனைக்கு நான். எங்கள் பக்கம் மூச்சு வாங்காமல் மாடியேறுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று என்னை நிறுத்தினார்கள். அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். "நீ ஓடுனா தொட்டி ஹைரோட்டுக்குத்தான் போவும்" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சிறப்பு ஏற்பாடாக லாரி அன்றைக்கு ஒன்பதரைக்கே வந்து ஹைரோட்டில் நின்றது. கோலப்பொடியில் இரண்டு கோடு போட்டோம். ஸ்கூட்டர்களைத் தள்ளி வைத்தோம், ஆட்டைக் கட்டினோம். பத்து மணிக்குப் பின்பக்கத்து ஃபாக்டரியில் சங்கு ஊதியதும் ஓடவேண்டும். நானும் அந்தப் பெண்ணும் குடத்தோடு குனிந்து நின்றோம். பத்து ஆனது. பத்தே கால் ஆனது. சங்கு ஊதவில்லை. நிமிர்ந்தால் தவறான தொடக்கமாகிவிடுமோ என்று இருவரும் குனிந்தே நின்றோம். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. பிறந்ததிலிருந்து அந்தச் சங்கைக் கேட்டே எழுந்து, தின்று, வேலைக்குப் போன தெருவில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் அக்கா நீலக் குடத்தோடு வீட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"எங்கக்கா?" என்றேன், குனிந்தபடி.

"தண்ணிக்கு."

"ரேஸ் முடியட்டும்க்கா."

"நீங்க ஓடிகினு வாங்க. நான் முன்ன போறேன்."

போலீஸ் பெண் காலை ஒதுக்கி வழி விட்டாள். அக்கா என் கோட்டுக்கு நடுவிலேயே போனாள். இழுத்த காலில் கோலப்பொடி கலைந்தது. எங்கள் ஆட்களே அவளைத் திட்டிக்கொண்டு மறுபடி கோடு போட்டார்கள்.

சங்குக்குப் பதில் என்ன என்று அடுத்த பஞ்சாயத்து. கோயில் மணி அடித்து முடிந்திருந்தது. கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. கடைசியில் கோட்டுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் குக்கரில் பருப்பு வைத்தார்கள். மூன்றாவது விசிலில் ஓடவேண்டும். முதல் விசிலா மூன்றாவதா என்று ஒரு வாக்குவாதம். ஒரு விசிலில் பருப்பு வேகாது என்று அந்த வீட்டு அம்மாள் தீர்த்துவைத்தார். நான் இரண்டாவது விசிலிலேயே ஓடிவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார்கள். குக்கரை இறக்கி, ஆறவைத்து, வேறு பருப்பு போட்டார்கள்.

ஒருவழியாக ஓடினோம். பாதித் தெருவரை அந்தப் பெண்ணின் செருப்பில்லாத குதிகால் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. என் குடம் என் தொடையை அடித்துக்கொண்டே வந்தது. எந்த வாசற்படியில் அக்கா வழக்கமாக உட்காருவாளோ அங்கே எனக்கும் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஹைரோடு முனைக்காரர்கள் பட்டாசுச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெண்தான் முதலில் சொன்னாள். "அண்ணே, என்னுதுக்கு முன்ன ஒரு கொடம் நிக்குது."

லாரிக் குழாய்க்கு நேர் கீழே நீலக் குடம். சிவப்புச் சிலுவை. டீக்கடை பெஞ்சில் அக்கா, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓட்டப் பந்தயம். அக்கா எங்க ஓடுச்சி?" என்றார் ஹைரோட்டுக்காரர் ஒருவர்.

"ஓடணும்னு யாரு சொன்னா? டிரைவரு இன்னா சொன்னாரு, கேளு" என்றாள் அக்கா.

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு தான் சொன்னதைத் திரும்பச் சொன்னார். யார் குடம் முதலில் நிற்கிறதோ.

"சிக்னலுக்கு முன்ன கெளம்பிச்சே."

"சங்கு எங்க ஊதிச்சி?"

"முனைக்கு ஒரு ஆளுதான."

"நான் எங்க ஆளா நின்னேன்? கொடமாத்தான நிக்குறேன்."

அவர் விடவில்லை. "அந்தக் கொடம் செல்லாது" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவர் மனைவியே அவர் வாயைப் பொத்தினாள். "யோவ், லைன்ல நிக்கிற கொடம் இன்னிக்கி செல்லாதுன்னா, நாளைக்கி என் கொடம் செல்லுமா?" அங்கிருந்த ஒவ்வொருவரும் தன் குடத்தை நினைத்துக்கொண்டார்கள். அந்த நீலக் குடத்தைத் தள்ளினால் இந்தத் தெருவில் ஒருவரும் எங்கும் நிற்கமுடியாது. போலீஸ் பெண் தன் குடத்தை ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். "அவங்கதான் ஃபர்ஸ்ட்" என்றாள். தொட்டி கடல் முனைக்கு என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. நைனா மீன்பாடி வண்டி ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார். முன்பக்கப் பலகையில் அவளை உட்கார வைத்து, நிரம்பிய குடத்தை மடியில் வைத்துவிட்டு நான் பின்னாலிருந்து மிதித்தேன். இனி நடக்கவேண்டியதில்லை என்பதற்காக அவள் அத்தனையையும் நடந்திருந்தாள். வழக்கமான வாசற்படி வந்ததும் கேட்டேன்.

"தெனம் இங்க குந்திப்ப. இன்னிக்கி எப்பிடிக்கா குந்தாம போன?"

"கொடத்த எட்டுன தூரத்துல முன்ன வெச்சேன்டா. கொடம் அங்க நிக்குதுன்னா நான் அங்க நிக்குறேன்னுதான அர்த்தம்? அப்பறம் இன்னா, நான் இருக்குற எடத்துக்கு நான் போய்ச் சேரணும். சேந்ததும் மறுபடி முன்ன வெச்சேன்."

அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன், வண்டி ஆடியது.

"மெதுவாப் போடா" என்றாள். "தண்ணி சிந்துது."