நடுவில் இல்லாத சிவப்புச் சதுரம்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் சொந்தக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கங்காதர நெல்லூரில். அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவர்தான். சித்தூரில் ஒரு ஜாக்கெட் கடையில் தைத்தார். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார், என்னைத் தவிர. கிட்னி கெட்டபிறகு திங்களும் வியாழனும் டயாலிசிஸுக்குத் திருப்பதிக்கு பஸ்ஸில் போவோம்.

அந்த வார்டில் ஏசி அதிகம். பக்கத்துப் படுக்கை தெலுங்கம்மாவுக்குக் கால் விறைத்துப்போகும். அதைப் பார்த்து அக்கா கடையிலிருந்து ஒரு பை வெட்டுத்துணி வாங்கிவந்தார். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அதைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் அகலப் பட்டைகள், கட்டை அடுக்கி வீடு கட்டுவதுபோல. ஒரு தடவை போனால் ஒரு சுற்று. போதுமான அளவு வந்ததும் அந்த அம்மாவின் காலுக்குப் போர்வை. அக்காவின் இடது கையில் ஊசி இருக்கும், அசைக்கக் கூடாது. வலது கையால் நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பார். நான் தைப்பேன்.

எனக்கு ஒரு பயம் வந்தது. இது முடிந்தால் அக்காவும் போய்விடுவார் என்று. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் பார்வை படாத, அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் பட்டையை ஒரு விரல் அகலமாக வெட்டித் தைத்தேன். அப்படிச் செய்தால் போர்வை சீக்கிரம் வளராது.

ஒருநாள் நர்ஸ் அதைத் தூக்கி விரித்துக் காட்டினார்.

“இன்னாடி இது, சிவப்பு ஓரமா ஓடிக்கினு கீது?” என்றார் அக்கா.

“துணி பத்தல அக்கா.”

“பை நெறய கீது, பத்தலியாம். நீ ஜாக்கெட் தெச்சா ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டை.” சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, புரிந்துகொண்டவராக மெதுவாகச் சொன்னார். “இது முடியறதுக்கும் நான் போறதுக்கும் இன்னாடி சம்மந்தம்? அந்த அம்மா காலைப் பாரு. சீக்கிரம் முடி.”

சரி என்றேன். அடுத்த தடவையும் ஒரு விரல்தான் வெட்டினேன். அக்கா பார்த்தார். அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது அக்கா போய்விட்டார். பையை பீரோ மேல் போட்டேன். தொடவில்லை.

போன வாரம் எடுத்தேன். மூன்று சுற்றையும் இரண்டு விரல் அகலத்தில் தைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் நைட்டியில், ஊசி குத்த வசதியாக அக்கா அதன் இடது கைத் தையலைப் பிரித்து நாடா வைத்திருந்தார். கடைசிப் பட்டை அந்தக் கைத்துணி. நாடாவை எடுக்கவில்லை.

பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் சீட் விட்டவர்களுக்கும், துணி தந்த கடைக்கார அண்ணனுக்கும், நர்ஸ் அக்காமார்களுக்கும், அடக்கத்தில் பெட்டியைத் தூக்கிய சபைக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி. தெலுங்கம்மாவிடம் மட்டும் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. அதே வார்டுக்குப் போய்ப் போர்வையைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

“வருசம் பூரா என் காலை குளிர வெச்சிட்டியே அம்மாயி,” என்றார். என் கண்ணைத் துடைத்தார். சிவப்புச் சதுரம் இருக்கிற ஓரத்தைக் கீழே தள்ளிப் பாதத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

“என் காலும் ஓரமாத்தானே கீது. சரியா வந்துச்சு.”