உப்புப் பூத்த கண்ணாடி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் கண்ணாடி போட்ட ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்கழி வந்தால் அதிலும் வெளியே ஒன்றும் தெரியாது. மூடுபனி உள்ளே வரப் பார்த்து, முடியாமல், கண்ணாடியிலேயே முகத்தை வைத்து மூச்சு விடும். “கண்ணாடிக்குச் சளி பிடிச்சிருச்சு” என்பார் அம்மா. அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது. குளித்துத் தேய்ந்துபோன சவுக்காரத் துண்டைத் தண்ணீர் படாமல் கண்ணாடியில் தடவி, பழைய சேலைத் துணியால் தேய்த்துவிடுவார். அப்புறம் இரண்டு நாளைக்குப் பனி ஒட்டாது. தூரத்து வளைவில் பதுளை பஸ் திரும்புவதுகூடத் தெரியும். உலகத்தில் உள்ள எல்லாக் கண்ணாடிக்கும் இதுதான் வைத்தியம் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். என்ன செய்வது, எனக்குப் பழக்கமான ஜன்னல் அது ஒன்றுதானே.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கொழும்பில் கடலோரத்து மாடி வீடு ஒன்றில் வேலை செய்தார். மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த ஆகஸ்ட் லீவுக்கு அப்பா என்னைச் சித்தியிடம் கொண்டுபோய் விட்டார். எங்கள் தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்கு சித்தி லீவு எடுத்து வர வேண்டும், அவரோடு நானும் ரயிலேற வேண்டும் என்பது ஏற்பாடு. சித்தி திருநாள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடுத்த வேண்டிய சேலையை வந்த அன்றே எனக்குக் காட்டிவிட்டார்.

அந்த வீட்டில் கடலைப் பார்த்து நான்கு பெரிய கண்ணாடி ஜன்னல்கள். எனக்கு அவற்றின்மேல் தீராத ஆச்சரியம். காலையில் சித்தி துடைத்த கண்ணாடி மறுநாள் காலையில் மங்கிப்போய் நிற்கும். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு.

“கடல் அங்கன கீழதானே கெடக்கு, இங்க எப்படி வந்துச்சு சித்தி?”

“காத்துல ஏறி வருது. நம்மள மாதிரி படியேறியா வரும்?”

துடைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்துவிட வேண்டும். காய்ந்த உப்பின்மேல் துணியைப் போட்டால் கண்ணாடி கீறிப்போகும். அதன் பிறகு வினிகர் கலந்த தண்ணீர். கடைசியாகப் பழைய பத்திரிகைத் தாள். தாள் கீச்சென்று சத்தம் போட்டால்தான் கண்ணாடி சுத்தம் என்று அர்த்தம். தினமும் கீச்சென்றது. தினமும் டீச்சர் தேநீரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் ஜன்னல் வடிவாத் துடைக்கேல்லையோ?”

“இப்பதானே டீச்சர் துடைச்சேன்.”

“கடல் புகையாக் கிடக்கு. கடல் தெளிவாத் தெரியட்டும், அதுக்குப் பிறகு உன்ர லீவைக் கதைப்பம்.”

எனக்கோ தூரத்துக் கப்பலின் புகைக்குழாய்கூடத் தெரிந்தது. ஆனால் டீச்சர் பிழையாகச் சொல்வாரா? சித்திக்குத்தான் கையில் பலம் போதவில்லை என்று தீர்மானித்தேன். திருநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது.

அன்று மாலை சித்தி கடைக்குப் போனார். டீச்சர் அறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு, ஜன்னல்களுக்கு வெளியே இருந்த பால்கனிக்குப் போனேன். நான்கு கண்ணாடியிலும், முதலில் கை எட்டிய உயரம் வரையும் பிறகு ஸ்டூல் போட்டு மிச்சத்திலும், அம்மா செய்வதுபோலவே தடவித் தேய்த்தேன். பளபளவென்று இருந்தது. நாளைக்கு லீவு நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்து பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் காயவிட்டதுபோல நான்கும் வெள்ளை. ராத்திரி அடித்த காற்றும் தூறலும் கொண்டுவந்த உப்பையெல்லாம் என் சவுக்காரம் பிடித்து வைத்துக்கொண்டது. கடலும் இல்லை, கப்பலும் இல்லை. நான் அழுதுகொண்டே சித்தியிடம் உண்மையைச் சொன்னேன்.

“அடிப்பாவி. இது என்ன நம்ம மலைப் பனியா?” சித்தி வாளியை எடுக்க ஓடினார். அதற்குள் டீச்சர் தேநீரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் சித்தியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். “இண்டைக்கும் நேற்றுப் போலத்தான் கிடக்கு. சரி, பாவம், நீ திருநாளுக்குப் போயிட்டு வா.”

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. சித்தி மட்டும் வாளியோடு அசையாமல் நின்றார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய், டீச்சருக்கு நேரே இருந்த ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். கண்ணாடி விலகியது. கடற்காற்று உள்ளே வந்து டீச்சரின் நரைமுடியைக் கலைத்தது.

“இப்ப எப்படி டீச்சர் தெரியுது?”

“அதே புகைதான். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடை, பிள்ளை.”

சித்தி டீச்சரின் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தார்.

லீவு கிடைத்தும் சித்தி வரவில்லை. அன்றே டீச்சரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் அப்பா வந்து என்னை மட்டும் அழைத்துப்போனார். பதுளை வரும்வரை, என் சவுக்காரத்தால்தான் சித்தியின் திருநாள் போயிற்று என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்ன சொல்லியும் நான் நம்பவில்லை.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு சித்தி, திருநாளுக்கு வைத்திருந்த அந்தச் சேலையிலேயே வந்தார். அம்மா எங்கள் ஜன்னலுக்குச் சவுக்காரம் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒப்பரேசனுக்குப் பொறகு டீச்சர் எப்படி இருக்காங்க?” என்று கேட்டார் அம்மா.

“ஏன் கேக்குற, இப்ப ஈ உக்காந்த எடங்கூடத் தெரியுது அவங்களுக்கு. இங்க ஒரு கறை, அங்க ஒரு கீறல்னு காலையில ரெண்டு மணிநேரம் என்னய நிக்கவச்சுத் துடைக்க வைக்கிறாங்க.”

சொல்லிவிட்டு சித்தி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். வேலை இரண்டு மடங்கானதற்கு ஒருவர் ஏன் இப்படிச் சந்தோஷப்பட வேண்டும் என்று, நான் அம்மாவின் முகத்தையும் சித்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.