ஒன்பது மைல் பலகை

மலையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே எனக்கு மலையை வாசிக்கத் தெரியும். உயர்தர வகுப்பில் புவியியல் படித்தேன். சமவுயரக் கோடுகளைப் பார்த்துக் குறுக்குவெட்டு வரைவதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு, வட்டமாக மூடிக்கொண்டால் உச்சி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வவுனியாவுக்கு வெளியே எங்கள் குடியேற்றத்தில் ஆக உயரமான நிலம் குளக்கட்டுத்தான். புவியியல் ஆசிரியை யாழ்ப்பாணத்தவர். அவரும் மலையைப் பார்த்ததில்லை. மலை பார்க்காத ஒருவர் மலை பார்க்காத முப்பது பேருக்கு மலையைப் படிப்பித்தார். நாங்களும் நன்றாகவே படித்தோம்.

இத்தனைக்கும் நான் பிறந்தது மலையில். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். வந்த வழியில் துணிமூட்டை ஒன்று தொலைந்தது. என் பிறப்புச் சான்றிதழ் அதற்குள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிராமசேவகரின் கடிதத்தை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவளும் நான்தான். ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தபோது அந்தக் கடிதம் செல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் இடமில்லை, மாத முடிவு வரைதான் தவணை என்றார்கள். சான்றிதழின் பிரதி எடுக்கப் பதிவு எண் வேண்டும். பதிவு எண் தோட்டத்து அலுவலகப் புத்தகத்தில் இருக்கிறது.

நான் தோட்டத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். எழுதும்போது அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார்.

“நம்பரையும் போடு தாயி. நூத்தி நாப்பத்தேழு. அங்க நம்பர் சொன்னாத்தான் ஆளு தெரியும்.”

“ஆள் என்ன மாடாப்பா, நம்பர் போட? பேர், தாத்தா பேர், அம்மா பேர் எல்லாம் எழுதியிருக்கேன். போதும்.”

அப்பாவைத் தொழிலாளி எண்ணால் கூப்பிட்ட இடத்துக்கு அவருடைய முழுப் பெயரை அழகான கையெழுத்தில் அனுப்புவதில் எனக்குப் பெருமை இருந்தது. பதில் வரவில்லை.

ஆகவே நானே போவதென்று முடிவு செய்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பொம்பளப் புள்ள, தனியாவா? வழி நெடுக செக்பொயின்டு.”

அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: “போகட்டும். நாம கேட்டுக் கேட்டுப் போகணும். அது போர்டு வாசிச்சுப் போயிரும்.”

அது அறுவடைக் காலம். அவர் வர முடியாது. அறுவடை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார். இறங்கி வந்த நாளிலிருந்து மலைப் பக்கம் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் வழியைச் சொல்லும்போது நேற்று நடந்தவர் போலச் சொன்னார். பாலத்தில் இறங்கு. இடது கைப்பக்கம் மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் குறுக்குப் பாதை ஏறும். ரெண்டு மைல். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில்தான் அலுவலகம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அதைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் போய்விடு.

மறுநாள் ஆசிரியையிடம் சொல்லப் போனேன். “வரைபடம் கிரைபடம் ஒண்டும் பையில வைக்காதேம் பிள்ளை,” என்றார். “கீறின துண்டு இருந்தாலும் அடுப்பில போட்டிட்டுப் போம்.” வவுனியாவிலிருந்து தெற்கே போகும் தமிழ்ப் பெண்ணின் பையில் வரைபடம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா சொன்னதை வைத்து நான் கீறியிருந்த துண்டை அடுப்பில் போட்டேன். மனதில் இருந்ததை எந்தச் சோதனைச் சாவடியிலும் எடுக்க முடியாது.

போர்க்காலக் கட்டுப்பாட்டில், ஊரை விட்டு வெளியே போவதற்கு மூன்று நாள் பாஸ் கிடைத்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்பி வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கண்டிக்கு பஸ் ஏறி, ஆசிரியை ஒருமுறையும் போய்ப் பார்த்திராத அவருடைய தங்கை வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்குப் புறப்பட்டேன்.

எட்டு மணிக்குப் பாலத்தில் இறங்கினேன். பஸ் வளைவில் மறைந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊரில் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். இங்கே அண்ணாந்தும் நிலமே தெரிந்தது. பச்சை நிலம், அதற்கு மேலும் பச்சை நிலம், அதற்கும் மேலே மஞ்சு. நான் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தேன்!

இடது பக்கம் கோயில் இருந்தது. அதன் பின்னால் ஏதோ தடம் தேயிலைக்குள் ஏறியது. வலது பக்கம் தார் ரோட்டின் தொடக்கத்தில் ஒரு பலகை நின்றது. ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயர், கீழே அம்புக்குறி, பக்கத்தில் ஒன்பது மைல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா ரெண்டு மைல் என்றார், பலகை ஒன்பது என்றது. அப்பாவுக்குத் தொலைவு மறந்திருக்கும். பலகை அச்சில் இருக்கிறது. தடம் வேறு பயிருக்கு நடுவே போனது. வன்னியில் அடுத்தவன் பயிருக்குள் கால் வைப்பவள் இல்லை நான். வரம்பால் சுற்றித்தான் போவோம். ஒன்பது மைல் என்றால் மூன்று மணித்தியாலம். பதினொன்றுக்குப் போய்விடலாம், ஒரு மணித்தியாலம் கையில் இருக்கும். யாரிடமும் கேட்கவில்லை. ரோட்டில் நடந்தேன்.

முதல் மைல் சுகமாக இருந்தது. இரண்டாவது மைலில் கெண்டைக்கால் தன் இருப்பைச் சொன்னது. எங்கள் ஊர் மைலும் இந்த மைலும் ஒன்றல்ல என்பது மூன்றாவது மைலில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் இதற்குப் பிறகு தோட்டம் தெரியும் என்று நினைப்பேன். அடுத்த வளைவு தெரியும். செருப்பின் வார் ஒன்று அறுந்தது. ஊசி குத்திக்கொண்டு நடந்தேன். பத்தேமுக்காலுக்கு ஒரு கொண்டை வளைவில் நின்று கீழே பார்த்தேன். காலுக்கு நேர் கீழே நான் இறங்கிய பாலம் கிடந்தது. கல்லைப் போட்டால் அதன் மேல் விழும். இரண்டேமுக்கால் மணித்தியாலம் நடந்து நான் பாலத்தின் தலைக்கு மேல் வந்து நிற்கிறேன்.

அப்போதுதான் ரோடு எனக்கு விளங்கியது. லொறி ஏற வேண்டுமென்பதற்காக அது சமவுயரக் கோட்டோடு ஒட்டி ஒட்டிப் போகிறது. அரை மைலுக்கு ஒரு கோடுதான் தாண்டுகிறது. கோடுகளை நேராக வெட்டிப் போவது அப்பாவின் தடம். அவர் தொலைவை மறக்கவில்லை. நான்தான் அவருடைய ரெண்டு மைலைத் தள்ளிவிட்டுப் பலகையின் ஒன்பதை எடுத்திருந்தேன்.

மேலே தேயிலைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு. அம்மா வயதில் ஒருத்தி கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“எங்க புள்ள போற?”

“மேல்கணக்கு ஒப்பீசுக்கு அக்கா. பன்னிரண்டுக்கு முதல் போக வேணும்.”

“ரோட்டுலயா போற?”

“ஓம்.”

“ஓமாம்டி!” என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது. வன்னிப் பள்ளிக்கூடத்தில் “ஆமா” என்று சொன்னதற்குச் சிரித்தார்கள். வீட்டில் ஆமா, வெளியில் ஓம் என்று பழகிக்கொண்டேன். இங்கே ஓமுக்குச் சிரிக்கிறார்கள்.

“ரோட்டுல போக நீ என்னா லொறியா?” என்றாள் மூத்தவள். “இன்னும் மூணு மூணரை மைலு இருக்கு. நீ போய்ச் சேர ஆபிசுக்காரரு சோறு தின்னு தூங்கி எழும்பிருவாரு. எந்த ஊரு?”

“வவுனியா.”

சிரிப்பு நின்றது. கை நிற்கவில்லை. “அங்க இருந்து ஒத்தையிலயா வந்த?”

“ஓம் அக்கா.”

“அப்ப இது ஒனக்கு ஒரு மலையா,” என்றாள். “அந்தா, மேல வெள்ளக் கல்லு தெரியுதா? இந்தக் கானப் புடிச்சு நேரா ஏறு. கல்லுக்கு வலப்பக்கம் லயம். லயத்துக்குப் பின்னால ஆபிசு.” கான் என்பது மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டிய வாய்க்கால்; லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

“பயிருக்குள்ள கால் வைக்கலாமோ?”

“செடி கடிக்காது. அட்டதான் கடிக்கும். செருப்பக் கழட்டு.”

அட்டைக்கு நான் பயந்தவள் இல்லை. முழங்கால் சேற்றில் நாற்று நட்டவளை அட்டை என்ன செய்யும்? செருப்பைப் பைக்குள் வைத்தேன், பாவாடையைத் தூக்கிச் செருகினேன், கானுக்குள் இறங்கி ஏறத் தொடங்கினேன். பின்னால் ஒரு குரல்: “லொறி ஏறுதுடி! வழி விடுங்க!”

அந்த ஏற்றத்தை என் கால்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. முதலில் வேகமாக ஏறி, மூச்சு முட்டி, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு புத்தியாக ஏறினேன். இருபது அடி, ஒரு மூச்சு. தேயிலை நிரைகள் மலையைச் சுற்றிச் சமமாகவே ஓடின. நிரைகளை எண்ணினேன். எத்தனை நிரை தாண்டினேனோ அத்தனை உயரம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் மஞ்சு இறங்கி வெள்ளைக் கல் மறைந்துவிட்டது. அப்போதும் நிற்கவில்லை. கல் தெரியாவிட்டாலும் ஏற்றம் எந்தப் பக்கம் என்று பாதத்துக்குத் தெரியும். மஞ்சு விலகியபோது கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே பாலம் தீப்பெட்டி அளவில் இருந்தது. சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலை. அத்தனையையும் பார்ப்பதற்கு எனக்கு நேரமிருக்கவில்லை. ஆனால் பார்த்தேன்.

லயத்தைத் தாண்டும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பன்னிரண்டு. ஓடினேன். பெரிய கிளாக்கர் கதவைப் பூட்டித் திறப்பை உருவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு பிறப்புப் பதிவு நம்பர் எடுக்க வேணும்.”

“பூட்டியாச்சு. திங்கக்கெழம வா.”

“திங்கள் வர ஏலாது ஐயா. நாளைக்கு ஆறு மணிக்குள்ள வவுனியாவில நிக்க வேணும். பாஸ் முடியுது.”

அவர் என் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு, அதற்கு நடுவே இரண்டு கோடாக ரத்தம். “எந்த வழியா வந்த?”

“பாதி ரோட்டால. மிச்சம் கானால.”

“பாலத்துலேர்ந்து ரோட்டாலயா? நடந்தா?” திறப்பு அவர் கையிலேயே நின்றது. “முப்பது வருசமா இங்க இருக்கேன். அந்த ரோட்டுல நடந்து வந்த மொத ஆளு நீதான். போன மாசம் வவுனியாலேர்ந்து ரெண்டு காயிதம் வந்துச்சே, முத்து முத்தா எழுத்து. நீயா?”

“ஓம். பதில் வரேல்ல.”

“எப்புடி வரும்? அந்தப் பேருல பதினோரு ஆளு வேல செஞ்சிருக்கான். நம்பர் எங்க?”

சேறு காய்ந்த கால்களோடு நின்று, அப்பா சொன்னபடியே சொன்னேன்: “நூற்று நாற்பத்தேழு.”

கதவைத் திறந்தார். அலுமாரியிலிருந்து நீளமான புத்தகம் ஒன்றை எடுத்தார். எண்ணின்மேல் விரலை ஓட்டி, ஐந்து நிமிடத்துக்குள் பக்கத்தைக் கண்டுபிடித்தார். நான் பிறந்த நாள் அங்கே இருந்தது; நாங்கள் வீட்டில் வைத்திருந்த நாளைவிட ஒன்பது நாள் முந்தியது. பதிவு எண் இருந்தது. ஓரத்தில் அப்பாவின் பெருவிரல் இருந்தது. ஊதா மையில், வளையத்துக்குள் வளையமாக மூடிக்கொண்டு, உச்சியுள்ள ஒரு மலையைப் போல இருந்தது. எண்ணை எழுதிக்கொண்டேன். அவர் புத்தகத்தை மூடுவதற்கு முன் அந்த விரலை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

இறங்கும்போது பலகைப் பக்கமே போகவில்லை. அப்பாவின் குறுக்கால் இறங்கினேன். முக்கால் மணித்தியாலத்தில் கோயிலுக்குப் பின்னால் வந்து விழுந்தேன்.

ஞாயிறு நாலரைக்கு வவுனியாவில் கையெழுத்து வைத்தேன். எண்ணைக் கொடுத்து எடுத்த பிரதி தவணைக்கு முன்பே தபாலில் வந்தது, கலாசாலைக்கும் போனேன். ஆனால் அந்த ஞாயிறு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்பா களத்தில் இருந்தார். எண் கிடைத்தது என்றேன். தலையாட்டினார். எவ்வளவு நேரம் ஏறினாய் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“நாலு மணித்தியாலம்.”

“குறுக்குலயா?”

“இல்லப்பா. போர்டைப் பார்த்து ரோட்டுல போனேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் களத்தில் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன. “அடி தாயி! அந்த போர்டு லொறிக்காரனுக்கு.” அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னார். அவளும் சிரித்தாள்.

நான் விடவில்லை. ஒரு குச்சியை எடுத்துக் களத்து மண்ணில் அந்த மலையைக் கீறினேன். பாலம், கோயில், ரோடு, வெள்ளைக் கல், வளைத்து வளைத்துச் சமவுயரக் கோடுகள். ஒரு கோட்டில் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம், நெருங்கினால் செங்குத்து என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா குனிந்து பார்த்தார். பிறகு கோயிலிலிருந்து விரலை வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார். கல்லுக்குக் கொஞ்சம் கீழே விரல் நின்றது.

“இது பிழை. இங்க இன்னும் நெருக்கிப் போடு,” என்றார். “கீழ ஆஸ்பத்திரியில ஒன்னப் பெத்துத் தூக்கிக்கிட்டு ஏறுனப்ப ஒங்கம்மா இந்த எடத்துலதான் மூணு தடவ ஒக்காந்தா.”

அம்மா எட்டிப் பார்த்து, “நாலு தடவ,” என்றாள்.

நான் அந்த இடத்தில் இன்னும் இரண்டு கோடுகளைக் கீறினேன்.