சுடுதண்ணீரும் இரண்டு பூட்டும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். பகிடி விடவில்லை, உண்மைதான். மொட்டை மாடித் தொட்டி நாள் முழுக்க வெயிலில் கிடப்பதால் பச்சைத்தண்ணீர்க் குழாயில் வருவது கை பொறுக்காத சூடு. நிறுத்தி வைத்த கீசருக்குள் நிற்கிற தண்ணீரோ நிழலில் ஆறிப்போயிருக்கும். சிவப்புப் புள்ளி போட்ட பக்கம் குளிரும், நீலப் புள்ளி போட்ட பக்கம் சுடும். ரொறன்ரோவில் இருக்கிற என் தங்கைக்கு இதைச் சொன்னால், "அக்கா, உங்கட வீட்டுப் பைப்புக்கே விசர்" என்று சிரிப்பாள். அவள் வீட்டில் எந்தப் பக்கம் திருப்புகிறாளோ அந்தத் தண்ணீர் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரர் உங்களுக்கோ, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று இருக்கும். இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன மார்கழியில் எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் குழம்பிப்போய், அதோடு என் மனிசனின் மானமும் குழம்பிப்போக இருந்த கதை இது.

மந்தைவெளியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். "கொஞ்ச நாளைக்கு" என்று வந்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே படித்து ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் அந்தக் கொஞ்ச நாளிலேயே இன்னும் இருக்கிறோம். இவர் மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்துத்தான் வீட்டை ஓட்டினார். போன வருடம் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. இங்கே பக்கவாதம் என்பார்கள். நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. அதைவிட மோசம், வலது பக்கத்துத் தோலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிசன் குளிப்பை மட்டும் விட்டுத் தரவில்லை. குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, தனியாகத்தான் குளிப்பார்.

"நீர் வெளியில நில்லும். விழுந்தாக் கூப்பிடுறன்."

"விழுந்தாப் பிறகு கூப்பிட்டு என்ன செய்ய?"

"கூப்பிடாட்டி விழேல்லை எண்டு அர்த்தம்."

கணக்கு வாத்தியாரோடு யார் வாதாடுவது? துவாயோடு வெளியே நிற்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் இவர் கதவைக் கண்டு குளித்தவரே இல்லை. கிணற்றடியில் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு, துலாவில் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரோடு ஊர்க்கதை முழுக்கக் கதைப்பார். பக்கத்து வீட்டு மாடு அசைபோட்டபடி பார்த்துக்கொண்டு நிற்கும். சுடுதண்ணீர் என்பது காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும். நல்லாயிருக்கிற ஆள் சுடுதண்ணீரில் குளித்தால், "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கிணற்றடி மேல் பெரிய உருக்கம் ஒன்றும் கிடையாது. உவர்த்தண்ணீர், தலைமயிர் கயிறாகிவிடும், மழைக்காலத்தில் பாசி வழுக்கும். ஆனாலும் அங்கே வெட்டவெளியில் குளித்த மனிசனுக்கு இங்கே ஒரு கதவு இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று யோசிப்பேன். நான் பார்த்தால் இரங்கிவிடுவேன் என்று இவருக்குப் பயம். வாயால் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

மார்கழி பிறந்து கீசரைப் போட்டதும் தண்ணீர் குழம்பத் தொடங்கியது. சமையலறையில் சுடுதண்ணீரைத் திறந்தால் வெதுவெதுப்பு. கை கழுவும் தொட்டியில் பச்சைத்தண்ணீரைத் திறந்தால் திடீரென்று சூடு. குளியலறையில் ஒரு நாள் கொதி, ஒரு நாள் குளிர், சில நாள் ஒரே குளிப்பில் இரண்டும். ஒரு காலை இவர் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, வலது தோளிலிருந்து முழங்கை வரை செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

"ஐயோ, என்னப்பா இது?"

குனிந்து, வேறு யாருடையதோ கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சுட்டுப்போட்டுதோ?" என்று என்னைக் கேட்டார்.

கற்றாழை தடவியபடியே கண்டிப்பாகச் சொன்னேன்: தண்ணீர் சரிவரும் வரைக்கும் நான் உள்ளே வந்து, என் கையால் பதம் பார்த்துத்தான் ஊற்றுவேன். மறுநாள் இவர் எனக்கு முந்தியே உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்.

எங்கள் கட்டடத்துக்குக் குழாய் வேலை பார்க்கிறவர் ரஃபி பாய், மீர்சாகிப்பேட்டைக்காரர். வந்து கீசரைக் கழற்றினார். "உப்பு புடிச்சிக்கினு கீதும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்று சுத்தம் செய்துவிட்டுப் போனார். தண்ணீர் அப்படியே. திரும்ப வந்து கீசரின் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அப்படியே. இன்னொரு முறை வந்தவர் தாடியைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தார்.

"மேல் வூட்ல வாஷிங் மெஷின் ஓடிக்கினு கீதுல்ல, அது தண்ணிய இஸ்துக்குது. நான் மாமிகிட்ட பேசறேன்."

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. இத்தனை வருடமாக இங்கே இருக்கிறவளுக்குச் சென்னைப் பேச்சு விளங்காதா என்று நீங்கள் கேட்கலாம். விளங்கும்; ஆனால் பதறிப்போனால் என் காது ஊருக்கு ஓடிவிடும். மேல் வீட்டு மாமி தங்கமான மனுஷி. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "எங்காத்துல பண்ணிண்டு வந்துடறேன், நீங்க அடுப்பே மூட்டாதேங்கோ" என்று நாள் தவறாமல் ரசஞ்சாதம் கொண்டுவந்தவர். அவரைப் போய் ரஃபி பாய் ஏசுவதா?

"ஐயோ தம்பி, பேசாதேங்கோ!"

ரஃபி பாயின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா, நல்லதுக்கு சொன்னா பேசாதன்றீங்க" என்று ஸ்பானரைப் பைக்குள் போட்டார். வாயை மூடு என்று நான் அதட்டியதாக நினைத்துவிட்டார் பாவம். ஒரு தேத்தண்ணீரும் நீளமான விளக்கமும் கொடுத்துத்தான் அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது. பிறகு மாமியிடம் பேசினார். மாமியும் மெஷினைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். தண்ணீர் மட்டும் மாறவில்லை.

தெரிந்த ஆட்டோக்காரர் இவரைப் பிசியோதெரபிக்கு அடையாறு அழைத்துப்போன ஒரு நாள், குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். சுவரில் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு திருகுகள். இரண்டும் சேர்ந்து வருகிற வாயில் இவர் ஒரு ஹோஸ் பைப்பை மாட்டி, அதன் நுனியில் ஒரு சின்னக் குழாயும் பொருத்தியிருந்தார். சுவரில் உள்ள திருகுகளை இவரால் சுலபமாகத் திருப்ப முடியாது. இடது கையால் பல நாள் பார்த்துப் பார்த்துச் சரியான பதத்தைக் கண்டுபிடித்து, இரண்டு திருகையும் அந்த இடத்திலேயே விட்டு, சிவப்புப் பேனாவால் அடையாளமும் போட்டிருந்தார். குளித்து முடித்தால் நுனியை மட்டும் மூடுவார். நான் தேய்ப்பதற்காகச் சுவர்த் திருகுகள் இரண்டையும் மூடினேன். பிறகு சமையலறைக்குப் போய்ச் சுடுதண்ணீரைத் திறந்தால், ஆவி பறக்க வருகிறது! ஓடிப்போய்த் திருகுகளைப் பழைய அடையாளத்துக்குத் திறந்தேன். சமையலறையில் வெதுவெதுப்பு. மூடினேன். சூடு.

விளங்கிவிட்டது. இரண்டு திருகும் திறந்திருக்க, வெளியே போகிற வழி மட்டும் அடைபட்டிருக்க, குளிர் சூட்டுக் குழாய்க்குள்ளும் சூடு குளிர்க் குழாய்க்குள்ளும் இஷ்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன. சந்தோசப்பட வேண்டியவள் அந்தச் சிவப்பு அடையாளங்களைப் பார்த்துக்கொண்டு ஈரத்தரையில் குந்திவிட்டேன். தனியாகக் குளிப்பதற்காக இவர் செய்த வேலைதான் இவரைச் சுட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் மூடித் திறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் பதம் பார்க்க வேண்டும். பதம் பார்க்க நான் உள்ளே போக வேண்டும். இதை எந்த வாயால் சொல்வது? ரஃபி பாய் சொல்லட்டும் என்று கோழைத்தனமாக அவருக்குப் போன் போட்டு, "இவரிட்ட ஒருக்கா, பைப்பை ஒழுங்கா மூடுறவரோ எண்டு கேளுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தபோது நான் சமையலறையில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் நடந்தது காதில் விழுந்தது.

"சார், குளிக்கசொல்ல ஒயுங்கா மூடறீங்களா?"

"நான் பூட்டித்தான் வைக்கிறனான்" என்றார் இவர், ரோசத்தோடு.

"பூட்டறீங்களா! இன்னா சார், இந்த ஒடம்ப வெச்சிக்கினு பூட்டலாமா?"

"பூட்டாட்டி வீடெல்லாம் தண்ணியெல்லோ?"

அதற்குப் பிறகு ஏதோ திருகுகிற சத்தம் மட்டும். தேத்தண்ணீரோடு வந்தால், ரஃபி பாயின் உள்ளங்கையில் எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள்! "கயட்டிட்டேம்மா. இனிமே சார் பூட்ட முடியாது, நீங்க பயப்படாதீங்க" என்றார் பெருமையாக. நாங்கள் குழாயை மூடுவதைப் பூட்டுவது என்போம். அவருக்குப் பூட்டு என்றால் கதவுக்குத்தானே!

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழும்பி வந்து, கதவில் இருந்த திருகாணி ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் சொன்னனீரோ?"

"சத்தியமா இல்லையப்பா!"

நம்பவில்லை. அறைக்குள் போய்விட்டார். என்ன நடந்ததென்று புரியாமல் ரஃபி பாய் தாழ்ப்பாளை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நழுவிவிட்டார். மறுநாள் இவர் குளிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இடது கையால் ஈரத்துணியை எடுத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"ஊரில கிணத்தடியில உங்களுக்கு ஆர் கதவு போட்டுத் தந்தது?"

"அங்க நான் ஆரிட்டையும் சூடு பாக்கச் சொல்லிக் கேக்கேல்லை" என்றார்.

அவ்வளவுதான். சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு ரஃபி பாயைத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை இவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டு என்ற சொல் உட்பட.

"பைப்பையா பூட்டுவீங்க? யா அல்லா! பைப்புக்கு யாருமா பூட்டு போடுவாங்க?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் இருந்த இவருடைய தோளும் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

தண்ணீர் குறுக்கே பாய்கிறது என்று நான் சொன்னதை முதலில் ரஃபி பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்டிலாம் போவாதும்மா." மூடியும் திறந்தும் காட்டினேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்து பார்த்துவிட்டு, "ஆமா, போவுது" என்றார். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் போகிற மாதிரி ஏதும் இல்லையா என்று கேட்டேன். "கீதே, ஒன்வே வால்வு" என்றவர், அன்றைக்கே சூட்டுக் குழாயில் ஒன்றும் குளிர்க் குழாயில் ஒன்றும் போட்டுவிட்டார். கீசரின் சூட்டையும் குறைத்து வைத்தார். சிவப்பு அடையாளங்கள் போட்ட இடத்திலேயே இருந்தன. யாரும் எதையும் திருப்பத் தேவையில்லை. கடைசியாகத் தாழ்ப்பாளை எடுத்து, "சார், நீங்களே புடிங்க" என்று இவரிடம் கொடுத்தார். இவர் இடது கையால் கதவோடு சேர்த்துப் பிடிக்க, அவர் திருகாணிகளை முறுக்கினார்.

எனக்குப் பயம் போய்விடவில்லை. இன்றைக்கும் காலையில் துவாயோடு குளியலறை வாசலில்தான் நிற்கிறேன். முதலில் டக்கென்று தாழ்ப்பாள் விழும். அது சென்னைப் பூட்டு. பிறகு தண்ணீர், கதிரை இழுபடுகிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம். ஆகக் கடைசியில் உள்ளேயிருந்து, "பூட்டிப்போட்டன்!" என்று குரல் வரும். அது எங்கள் பூட்டு. அந்தப் பூட்டுக்கும் இந்தப் பூட்டுக்கும் நடுவில் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் நீங்களும் போன் எடுக்கிறீர்கள். எப்போது ஊருக்குத் திரும்பி வருகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கோ. இவர் குளித்துவிட்டு வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்.